வாசலுக்கு வரும் எச்.ஐ.வி பரிசோதனைக்கு மட்டக்களப்பு சம்மதிக்குமா?

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோர ஊர்கள் சிலவற்றில் வீடு வீடாகப் போய், "வீட்டிலேயே எச்.ஐ.வி பரிசோதனை செய்துகொள்ளும் வசதி வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று வினாக்கொத்து நிரப்பப் போகிறாராம். மக்கள் சம்மதிப்பார்களா, அந்தப் பரிசோதனையை நம்பலாமா, இதோடு வேறு என்ன கேட்க வேண்டும் என்று மூன்று கேள்விகள். ஆய்வுகூடத்தில் இரத்தக் குழாய்களோடு வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி, முதற்கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: சம்மதிப்பார்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்க் கேட்டால் பெரும்பாலானோர் "ஓம், நல்ல விசயம்தானே" என்பார்கள். வீடு தேடி வந்த பிள்ளையை முகம் வாட அனுப்பும் வழக்கம் நம் பக்கத்தில் இல்லை. தேநீர் தருவார்கள், கூடவே ஓமும் தருவார்கள். அந்த ஓம்களை எண்ணி நூற்றுவீதம் கண்டால் அட்டவணை அழகாக இருக்கும். ஆனால் நாளைக்கு உண்மையிலேயே ஒருவர் பெட்டியோடு படலையடியில் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பது அந்த அட்டவணையில் இராது. செய்வீர்களா என்று கேட்பது ஓர் ஆய்வு. கையில் கொடுத்துவிட்டுச் செய்தார்களா என்று பார்ப்பது வேறோர் ஆய்வு. ஊசிக்கும் இரத்தத்துக்கும் நம்மவர்கள் அவ்வளவாக அஞ்சுவதில்லை. சீனி வருத்தக்காரர் இருக்கும் வீடுகளில் விரலைக் குத்திச் சீனி பார்ப்பது அன்றாட வேலையாகிவிட்டது. எச்.ஐ.வி என்றதும் அவர்கள் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: இது யார் யாருக்குத் தெரியவரும்? உங்கள் வினாக்கொத்து அந்த இடத்தைத் தொடவேண்டும்.

"வீட்டில் பரிசோதனை" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு காரியங்கள் நடக்கின்றன. சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்து, விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து முடிவு சொல்வது ஒன்று. ஒருவர் கிளினிக்கிலிருந்தோ நண்பர் மூலமாகவோ கருவியை வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்து பார்ப்பது இன்னொன்று. இணையத்தில் பதிந்து பொதியாக வரவழைப்பது மூன்றாவது. தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் சுயபரிசோதனைக் கருவிக்கு அப்படி ஓர் இணையவழி ஏற்பாட்டை வைத்திருக்கிறது. முதலாவதற்குத் தலையாட்டுபவர் மூன்றாவதற்கு முகம் சுளிக்கலாம். இருபத்திரண்டு வயது இளைஞனிடம் அது தலைகீழாக இருக்கும். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துக் கேட்டால், கிடைக்கும் விடை எதைப் பற்றியது என்று உங்களுக்கே தெரியாது.

நீங்கள் மேற்கோள் காட்டவிருக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆபிரிக்காவிலிருந்து வந்தவையாகத்தான் இருக்கும். 2012இல் வெளியான, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று, சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் வீடு தேடிச் சென்று அழைத்தபோது நூற்றுக்கு 83 பேரளவில் ஏற்றுக்கொண்டதாகக் கணித்தது. மலாவி நாட்டின் பிளான்டயர் நகரில், அதே அயலில் குடியிருக்கும் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கருவிகளைக் கொடுத்து வைத்தார்கள். முதல் வருடத்திலேயே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வாங்கிச் செய்துகொண்டார்கள். இவை போன்ற அனுபவங்களை வைத்தே 2016 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சுயபரிசோதனையைப் பரிந்துரைத்தது. எண்கள் உண்மையானவை. ஆனால் மலாவியில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவரளவில் இந்தத் தொற்றோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நோயாளியைப் பார்க்காத தெரு அங்கே அரிது. மருந்து குடித்து எழுந்து நடமாடுபவரையும் அதே தெருவில் பார்க்கலாம். இலங்கையில் 15 முதல் 49 வயது வரையானோரில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. நம் ஊரில் எச்.ஐ.வி உள்ள ஒருவரைத் தெரிந்து பழகியவர்கள் மிகக் குறைவு. தெரிந்ததெல்லாம் பாடசாலைச் சுவரில் ஒட்டிய சுவரொட்டியும் அதில் இருந்த மண்டையோடும்தான். ஆகவே 83ஐத் தூக்கி வந்து நம் கரையில் நடமுடியாது.

அதைவிடப் பெரிய வித்தியாசம், அந்த வீடும் இந்த வீடும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் சரி முஸ்லிம்களிடமும் சரி, கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணுக்குரியவை. தாயின் வளவைப் பிரித்து மூத்தவளுக்கு ஒரு வீடு, பக்கத்திலேயே இளையவளுக்கு ஒரு வீடு. கிணறு ஒன்று, படலையும் பல இடங்களில் ஒன்றே. யார் வந்தார், எதைக் கொண்டு வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பது பின்னேரத்துக்குள் நான்கு அடுப்படிக்கும் போய்விடும். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் நெருக்கம் இன்னும் அதிகம். ஒரு வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் கேட்கும். பொதி வந்தால் கையெழுத்து வைத்து வாங்குவது மாமியாராக இருக்கும். பிரித்துப் பார்ப்பது மச்சினியாக இருக்கும்.

மேல்நாட்டு ஆய்வாளர்கள் வீட்டுப் பரிசோதனையின் முதல் நன்மையாகத் தனிமையை எழுதுகிறார்கள். தனி அறையும் தனிக் கதவும் உள்ளவருக்கு அது சரி. நம் ஆண்களில் பலருக்கு வீடுதான் தனிமை குறைந்த இடம். மாமியார் வளவில் குடியிருக்கும் மருமகனுக்குப் பரிசோதனையில் ஏதாவது காட்டினால், மனைவியின் தாய், சகோதரிகள், மாமன்மார் எல்லோரும் சூழ்ந்திருக்கும் இடத்தில்தான் அது வெளிச்சத்துக்கு வரும். வெளியேற வேண்டியவனும் அவன்தான். வீடு அவனுடையது அல்லவே. ஆண்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. இதே ஆண்கள் வேலைக்காகக் கொழும்பிலோ வேறு நகரத்திலோ அறை எடுத்துத் தங்கியிருக்கும்போது கேட்டுப் பாருங்கள், விடை மாறும். பெண்ணின் நிலையை மறுபுறமாக யோசிக்கலாம். பிறந்த வளவில் தன் ஆட்களோடு இருப்பவள் என்பதால், வேறு இடங்களில் கணவன் வீட்டில் வாழும் பெண்ணுக்கு இல்லாத ஒரு பிடிமானம் அவளுக்கு இருக்கிறது. இது ஆராயத்தக்க விசயம். உங்கள் மேற்பார்வையாளர் இடம் கொடுத்தால் இதையே ஆய்வின் நடுப்பொருளாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, படலையைத் தட்டுவது யார் என்பது. பட்டியலோடு வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றிய நினைவு இந்த மண்ணில் இலேசானது அல்ல. போர்க்காலத்தை விட்டுவிடுவோம், அது தனிக்கதை. கொவிட் காலத்தை எடுங்கள். தொற்று என்றதும் வீட்டு வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, தெரு முழுவதும் பார்த்தது. 2020 இறுதியில் அக்கரைப்பற்றும் அதைத் தொடர்ந்து காத்தான்குடியும் முடக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, கொவிட்டோடு இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்ற விதி 2021 பெப்ரவரி இறுதி வரை இருந்தது. அடக்கம் செய்வதை மார்க்கக் கடமையாகக் கொண்ட மக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. பரிசோதனைக்கே போகாமல், வைத்தியசாலைக்கே போகாமல் வீட்டுக்குள் இருந்தவர்கள் உண்டு. பிறகு நாடெங்குமிருந்து உடல்களைக் கொண்டு வந்து அடக்கம் செய்ய ஒதுக்கப்பட்ட இடம் ஓட்டமாவடிப் பக்கத்தில், நம் மாவட்டத்திலேயே. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்துவிட்டது என்பதற்காக அந்த நினைவு போய்விடாது. அப்படிப்பட்ட ஊர்களில் சுகாதார உடுப்போடு ஒருவர் பரிசோதனைப் பெட்டியைத் திறந்தால், மக்கள் கேட்கப்போவது "வலிக்குமா?" என்றல்ல, "தொற்று என்று வந்தால் என்னை என்ன செய்வீர்கள்?" என்று. அதற்கு நேரான பதில் கையில் இல்லாமல் ஒருவரும் போகக்கூடாது.

அப்படியானால் மருத்துவமாது போகலாமே என்பீர்கள். கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்க அவர் எந்த வீட்டுக்கும் போவார், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு இயல்பான வருகை. அதுதான் அவருடைய பலம். அவர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர், பாதிப் பேருக்கு ஏதோ ஒரு வழியில் உறவு. அது பலவீனம். நான் பார்த்த வரையில் பெரும்பாலான மருத்துவமாதர்கள் வாயை இறுக்கி மூடத் தெரிந்தவர்கள். ஆனாலும் மக்கள் அவரை நம்புகிறார்களா என்பதை மக்களிடமே கேட்க வேண்டும். பீ.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்றால் டெங்குக் குடம்பி பார்க்கவும் தண்டப்பணம் எழுதவும் வருபவர் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்திருப்பதால், இந்த வேலைக்கு அவர் பொருந்தமாட்டார் என்பது என் எண்ணம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. நம் ஊர்களில் எச்.ஐ.வி பரிசோதனை ஏற்கெனவே பரவலாக நடந்து முடிந்த காரியம். வெளிநாட்டுக்குப் போனவர்களைக் கேளுங்கள். கட்டார், குவைத், சவூதி என்று வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் "மெடிக்கல்" எடுக்கிறார். அந்த இரத்தத்தில் எச்.ஐ.வியும் பார்க்கப்படுகிறது. அங்கே இறங்கிய பிறகு இக்காமா என்ற வதிவிட அனுமதிக்காக இன்னொரு தடவை. ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் சம்மாந்துறையிலும் திருக்கோவிலிலும், ஆண்களும் வீட்டுப் பணிக்குப் போன பெண்களுமாக எத்தனை பேர் இந்த வழியாக வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பலருக்குத் தங்கள் இரத்தத்தில் அது பார்க்கப்பட்டதே தெரியாது. தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது ஒரே சொல்: "அன்ஃபிட்." வளைகுடா நாடுகளில் தொற்று உறுதியானவரை வேலையிலிருந்து நீக்கித் திருப்பி அனுப்புகிறார்கள். ஏன் என்று விளக்குவதுமில்லை, ஊருக்குப் போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவதும் அரிது. பரிசோதனை என்றால் கடவுச்சீட்டைப் பறித்துக்கொள்ளும் ஒரு வாசல் என்று படித்துக்கொண்டு வந்தவரிடம் போய் "இது உங்கள் நன்மைக்காக" என்று சொன்னால் அவர் சிரிக்காமல் இருந்தால் அது அவருடைய பெருந்தன்மை. விரைவில் மெடிக்கலுக்குப் போகவிருக்கும் இளைஞனுக்கோ வேறு கணக்கு. ஏஜென்சிக்குக் காசு கட்டுவதற்கு முன் தன் நிலையைத் தானே இரகசியமாக அறிந்துகொள்ள விரும்புவான். சுயபரிசோதனைக்கு நம் பகுதியில் உண்மையான தேவை அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு கூட்டம் கர்ப்பிணிப் பெண்கள். கிளினிக்குக்கு வரும் தாய்மாரின் இரத்தத்தில் சிபிலிசும் எச்.ஐ.வியும் பார்ப்பது இலங்கையில் வழமை. தாயிடமிருந்து குழந்தைக்கு இவ்விரண்டும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் கடைசிக் கிராமத்து மருத்துவமாதுக்கும் அதில் பங்கு உண்டு. ஆக, பிள்ளை பெற்ற பெண்ணின் நிலை தெரியும், அவள் கணவனின் நிலை தெரியாது. நாட்டில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பெரும்பான்மையினரோ ஆண்கள். கென்யாவின் கிசுமு நகரத்தில் இதே சிக்கலுக்கு ஒரு வழி பார்த்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்குமான கிளினிக்குகளுக்கு வந்த பெண்களிடம் இரண்டு சுயபரிசோதனைக் கருவிகளைக் கொடுத்து, ஒன்றை உன் துணைவருக்குக் கொடு என்றார்கள். 2016இல் வெளியான முடிவின்படி துணைவர்களில் 91 வீதமளவில் பரிசோதித்துக்கொண்டார்கள். வெறும் அழைப்புக் கடிதம் கொடுத்தனுப்பிய பக்கத்தில் அது 52 வீதம்தான். இங்கே செய்யலாமா? மனைவி வீட்டில் குடியிருக்கும் கணவனிடம் மனைவியே கருவியை நீட்டினால் அது வேண்டுகோளாக இராது, குற்றச்சாட்டாகக் காதில் விழலாம். "என்னைச் சந்தேகப்படுகிறாயா?" என்ற வார்த்தையிலிருந்து அடி வரைக்கும் தூரம் சில வீடுகளில் அதிகமில்லை. அதே சமயம், "கிளினிக்கில் எல்லா அப்பாமாருக்கும் கொடுக்கிறார்கள்" என்று சொல்ல முடிந்தால் சந்தேகத்தின் முள் முறிந்துவிடும். இந்த இரண்டு சொல்முறைகளையும் வினாக்கொத்தில் தனித்தனியாக வைத்து ஆண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, நம்பலாமா என்ற கேள்வி. இது என் தொழில், கொஞ்சம் நீட்டுவேன்.

அதிகம் பேசப்படும் கருவி வாயிலிருந்து மாதிரி எடுப்பது. முனையில் பஞ்சுபோன்ற பட்டை உள்ள கோலை மேல் ஈறில் ஒரு தடவை, கீழ் ஈறில் ஒரு தடவை தடவி, தரப்பட்ட திரவத்தில் நிறுத்தி வைத்து, 20 நிமிடத்துக்குப் பிறகு 40 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஒரு கோடு தெரிந்தால் தொற்றுக்கான அறிகுறி இல்லை. இரண்டு தெரிந்தால், இரண்டாவது எவ்வளவு மங்கலாக இருந்தாலும், மேலும் பரிசோதிக்க வேண்டும். கருவி வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே தெரியாவிட்டால் கருவி பழுது. வெற்றிலை போட்ட வாயோடு செய்யவேண்டாம். இங்கே ஒரு குழப்பம் எழும், உங்களிடமும் கேட்பார்கள்: எச்சிலில் பார்க்கிறார்கள் என்றால் எச்சிலால் பரவும்தானே? பரவாது. கருவி தேடுவது வைரசை அல்ல, உடல் அதற்கு எதிராக உண்டாக்கிய பிறபொருளெதிரியை. அது ஈறிலிருந்து கசியும் நீரிலும் இருக்கும். ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதால் எச்.ஐ.வி தொற்றாது.

அமெரிக்காவில் 2012 ஜூலையில் இந்தக் கருவியைக் கடையில் விற்க அனுமதி கொடுத்தபோது, பயிற்சியில்லாத சாதாரண மக்கள் கையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். தொற்று உள்ளவர்களில் 92 வீதமானோரைச் சரியாகக் காட்டியது. பன்னிரண்டில் ஒருவரைத் தவறவிட்டது. தொற்று இல்லாதவர்களில் ஐயாயிரத்தில் ஒருவரை மட்டும் பிழையாக "உண்டு" என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. இனிக் களத்துக்கு வருவோம். எல்லாக் கருவியும் எல்லாக் கையும் அவ்வளவு துல்லியமாக இராது. தொற்று இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு ஐவரைப் பிழையாகக் காட்டும் ஒரு கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதேசத்தில் வீடு வீடாகப் போய் 10,000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் உண்மையான தொற்றாளர் ஐந்து பேர் என்று கொள்வோம். ஐவரும் தவறாமல் அகப்படுவதாகவே வைத்துக்கொள்வோம். கூடவே தொற்றே இல்லாத 50 பேரும் அகப்படுவார்கள். இரண்டு கோடு கண்ட 55 பேரில் 50 பேருக்கு ஒன்றுமில்லை. அதே கருவியை பத்தில் ஒருவருக்குத் தொற்றுள்ள நாட்டில் பாவித்தால், உண்மையானோர் ஆயிரம், பிழையானோர் 45. பிழை கருவியில் இல்லை. எங்கே பாவிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

அந்த 50 பேரை நினைத்துப் பாருங்கள். உறுதிப்படுத்தும் பரிசோதனை முடியும் வரை எத்தனை நாள் உறக்கமில்லாமல் இருப்பார்கள்? அதற்குள் கதை வளவைத் தாண்டாது என்று யார் பொறுப்பேற்பது? 2016இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனின் தந்தை எயிட்ஸால் இறந்தார் என்று பரவிய வதந்தியை வைத்து அவனைப் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பிள்ளைக்குத் தொற்றே இருக்கவில்லை. இதனால்தான் நம்மைப் போலத் தொற்றுக் குறைந்த இடத்தில் எல்லா வீட்டையும் தட்டும் திட்டத்துக்கு நான் எதிர். தேவைப்படுபவரின் கைக்குக் கருவி போவதற்குத்தான் ஆதரவு. எந்தச் சுயபரிசோதனையின் "உண்டு"வும் நோயறிதல் ஆகாது. வேறு முறைகளால் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே வைத்தியர் அதைச் சொல்லலாம்.

"இல்லை" என்ற விடைக்கும் ஒரு பொறி இருக்கிறது. பிறபொருளெதிரி உருவாக நாளெடுக்கும். கடைசியாக ஆபத்துக்கு உட்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம் கழியாமல் சுயபரிசோதனை சொல்லும் "இல்லை"யை முடிந்த முடிவாக எடுக்கக்கூடாது. போன வாரம் நடந்ததற்கு இந்த வாரம் கோலைத் தடவிப் பார்த்துவிட்டு நிம்மதியாகிறவர்கள்தான் எனக்குக் கவலை தருபவர்கள். அதுவும் 72 மணித்தியாலத்துக்குள் என்றால் பரிசோதனைக் கருவியைத் தேடி அலையாமல் நேராக வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தொற்றாமல் தடுக்கும் மருந்தை 28 நாள் குடிக்கலாம். பிந்தினால் அது பயன்படாது. ஏற்கெனவே மருந்து குடித்துக்கொண்டிருப்பவர் சுயபரிசோதனை செய்து பார்ப்பதிலும் பொருளில்லை, பிழையான "இல்லை" வரக்கூடும்.

மறுப்பவர்கள் சொல்லும் காரணங்களில் நான் மதிக்கும் ஒன்று, "தெரிந்து என்ன செய்ய?" என்பது. மருந்தில்லா நோய்க்குப் பெயர் மட்டும் அறிந்து என்ன ஆகப்போகிறது என்ற நியாயம் அது. முப்பது வருடத்துக்கு முன் சரியாகவும் இருந்தது. இன்று சரியில்லை. இலங்கையில் மருந்து அரச கிளினிக்குகளில் இலவசம். ஒழுங்காகக் குடித்தால் இரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத அளவுக்குக் குறையும்; அப்படிக் குறைந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றுவதில்லை. ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான துணையரைத் தொடர்ந்து பார்த்து 2016இலும் 2019இலும் வெளியிட்ட ஆய்வுகளில் அப்படி ஒரு தொற்றுக்கூடப் பதிவாகவில்லை. கலியாணம் முடிக்கலாம், தொற்றில்லாத பிள்ளை பெறலாம். இதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு "சம்மதமா?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லாமல் கேட்டால் வரும் விடையும் சொன்ன பிறகு வரும் விடையும் எவ்வளவு விலகுகின்றன என்று அளப்பது, சம்மதத்தின் நூற்றுவீதத்தை அளப்பதைவிட எனக்குச் சுவையான ஆய்வாகப் படுகிறது.

ஆண்களோடு உறவு வைத்திருக்கும் ஆண்களைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையில் தொற்று அதிகம் காணப்படும் குழுக்களில் அவர்களும் அடங்குவர். தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் அந்த உறவைக் குற்றமாக வைத்திருக்கும் நாட்டில், நம் ஊர்க் குடும்பங்களின் நடுவில், அவர்களில் எவரும் உங்கள் வினாக்கொத்தில் உண்மை எழுதமாட்டார்கள்; எழுதும்படி கேட்பதும் நியாயமல்ல. பலர் கலியாணம் முடித்து ஒரு வளவில் மருமகனாக இருப்பவர்கள். முகம் தெரியாமல் கருவியைப் பெறும் வழி உண்மையிலேயே உதவுவது இவர்களுக்குத்தான். ஆனால் பொதி வளவுக்கு வராமல், அவர்களே போய் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு வரவேண்டும்.

கிளினிக்கை மறந்துவிடாதீர்கள். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆகிய இடங்களில் அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. வைத்தியரின் கடிதம் தேவையில்லை, காசு தேவையில்லை, விவரம் வெளியே போகாது. வீட்டைவிட அங்கே தனிமை கிடைக்கும் என்று நினைப்பவர்களும், தன் ஊரை விட்டு அடுத்த ஊர்க் கிளினிக்கை நாடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். படுவான்கரையிலிருந்து நாட்கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வாவியைத் தாண்டி வரவேண்டியவருக்கு அது சுலபமில்லை என்பதும் உண்மைதான். வீடா கிளினிக்கா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாமல், பார்மசி, இரவு நேரக் கிளினிக், வேறூர்க் கிளினிக் என்று தெரிவுகளை விரித்துக் கேளுங்கள்.

வினாக்கொத்தை நிரப்பும் இடத்தையும் மாற்றுங்கள். முன் விறாந்தையில் மாமியார் பாக்கு வெட்டிக்கொண்டிருக்க, அவர் மருமகனிடம் எச்.ஐ.வி பற்றிக் கேட்டுப் பயனில்லை. ஆண்களை மீன்வாடியிலும் ஒட்டோத் தரிப்பிடத்திலும் விளையாட்டுக் கழகத்திலும் தனியாகப் பிடியுங்கள்; கைபேசியில் தாங்களே நிரப்பிக்கொள்ளும்படி கொடுங்கள். பெண்களிடம் பெண்ணே பேசட்டும். "ஏற்பீர்களா?" என்பதோடு "முடிவை முதலில் யாரிடம் சொல்வீர்கள்?", "யாருக்குத் தெரியக்கூடாது?", "யார் கொண்டு வந்தால் வாங்கமாட்டீர்கள்?" என்றும் கேளுங்கள். இன்னொன்று, சின்ன விசயம் போலத் தோன்றும்: "பாவித்த கருவியை எங்கே போடுவீர்கள்?" குப்பையை வளவு மூலையில் குவித்து எரிக்கும் வீட்டில், அல்லது பிரதேச சபை உழவு இயந்திரத்துக்காகப் பையைப் படலையில் கட்டிவைக்கும் வீட்டில், அந்தக் கோலையும் குழாயையும் மறைப்பது எப்படி என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் பலருக்கு முதலில் சொன்ன ஓம் ஆட்டம் காணும். அந்த இடத்தில் அவர்கள் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் இறங்கவேண்டாம். போவதற்கு முன் அருகிலுள்ள பாலியல் நோய் சிகிச்சை நிலையத்து வைத்தியரைப் பார்த்துப் பேசி, திறந்திருக்கும் நாளும் நேரமும் தொலைபேசி இலக்கமும் அச்சிட்ட சிறிய துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எச்.ஐ.வி என்ற எழுத்தே இருக்கவேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொடுங்கள், கேட்டவருக்கு மட்டும் என்று வைத்தால் கேட்டவர் யார் என்று ஊர் பார்த்துவிடும். யாராவது உங்களைத் தனியே கூப்பிட்டு, தனக்கு ஏற்கெனவே தொற்று இருப்பதாகச் சொன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். அதை வினாக்கொத்தில் எழுதவேண்டாம், உங்கள் மேற்பார்வையாளரிடம்கூட பெயர் சொல்லவேண்டாம்.